உடம்பு சூடேறினால்தான் மருந்து

லொறித் தட்டில் தேங்கிய ரத்தம் உறையவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

என் அக்காவின் கணவரான மச்சானின் இடுப்புக்குக் கீழே திணித்திருந்த பழைய சேலை ஊறிப்போய், அதிலிருந்து வடிந்தது பலகை இடுக்குகளில் ஓடி ஒரு பள்ளத்தில் நின்றது. லொறி வளைவில் திரும்பும்போதெல்லாம் அதுவும் சாய்ந்து திரும்பியது. விரலை வெட்டிக்கொண்டால் சொட்டும் ரத்தம்கூடக் கொஞ்ச நேரத்தில் ஜெலி மாதிரிக் கட்டிப்படும். இது ஹட்டன் கடைத்தெரு கண்ணில் படும்வரை தண்ணீராகவே ஆடிக்கொண்டிருந்தது.

நான் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள். பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிடும்வரை சும்மா இருக்க முடியாமல் ஹட்டனில் ஒரு டியூஷன் வகுப்பில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். ரத்தம் உறைவதை வெள்ளைப்பலகையில் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். ரோம இலக்கம் போட்ட உறைதல் காரணிகள், ஒன்று மற்றொன்றைத் தட்டி எழுப்பும் அம்புக்குறிகள், கடைசியில் ரத்த அணுக்களைப் பிடித்துவைக்கும் நார் வலை. 'பிறவியிலேயே ஒரு காரணி குறைந்தவர்களுக்கு அதை ஊசியாகக் கொடுப்பார்கள்' என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்த வரி லொறியில் திரும்பி வந்தது. மச்சானுக்குப் பிறவிக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இருந்ததையெல்லாம் இந்தக் காயம் செலவழித்துவிட்டது. தீர்ந்துபோனதை ஊசியில் திருப்பிக் கொடுத்தால் என்ன?

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். வேறு பிடிக்க எதுவும் இருக்கவில்லை. மச்சானின் கையைப் பிடித்திருந்தேன். அது மலைத்தண்ணீர்ப் பீலியில் கழுவிய தேங்காய் மாதிரி குளிர்ந்திருந்தது.

நடந்தது இதுதான். மச்சான் தேயிலைத் தோட்டத்து டிராக்டர் ஓட்டுபவர். பகல் கொழுந்தை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கும்போது, மழையில் ஓரம் இடிந்திருந்த வளைவில் பின்னால் இழுத்த பெட்டி சறுக்க, அது டிராக்டரையும் இழுத்துக்கொண்டு எங்கள் குடியிருப்பு லயத்துக்கு மேலே உள்ள மழைத்தண்ணீர்க் காணில் கவிழ்ந்தது. டிராக்டரின் மட்காட் அவர் இடுப்பின் மேல் விழுந்துவிட்டது. பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்காவும் மற்றப் பெண்களும் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஆம்பிளைகள் தோள்கொடுத்து இரும்பைத் தூக்கினார்கள். நான் சத்தம் கேட்டு மேலே ஏறிப் போனபோது அவரை பீலிக்கரையில் கிடத்தியிருந்தார்கள். மலையிலிருந்து குழாயில் வந்து விழும் தண்ணீர். அந்த மழைநாளில் கை வைத்தால் எலும்பு நோகும்.

எங்கள் பக்கம் காலையில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் தலைகீழாய்ப் பிடித்தாலும் ஒரு சொட்டு விழாது. அடுப்போரம் வைத்தால்தான் இளகும். ஓடுகிறது எதுவானாலும் குளிர வைத்தால் நிற்கும் என்பது லயத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்த சங்கதி. மூக்கில் ரத்தம் வந்தால் பீலிக்குக் கீழே தலையை நீட்டுவோம், அதுவும் நின்றுவிடும். அதனால் அன்றைக்கும் யாரும் யோசிக்கவில்லை.

"ஊத்து புள்ள, ஊத்து" என்றார் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை. "எண்ணெ கட்டுற மாதிரி கட்டிரும். நிறுத்தாத."

ஊற்றியது அக்காதான். குடம் குடமாக, கழுத்திலிருந்து முழங்கால்வரை. ஆம்புலன்ஸ் வேறு பக்கம் போயிருந்தது. லொறி வந்து சேரும்வரை அவள் நிறுத்தவில்லை. ஈரத்தோடேயே தூக்கி லொறியில் வைத்தோம். தார்ப்பாய் ஓட்டை வழியாகக் காற்று வேறு.

ஹட்டன் ஆஸ்பத்திரியில் இடுப்பை ஒரு விரிப்பால் இறுக்கிக் கட்டி, ரத்தம் ஏற்றிக்கொண்டே, ஆம்புலன்ஸில் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்த ஆஸ்பத்திரியின் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்துதான் இதைப் போனில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மச்சான் அந்தக் கதவுக்குப் பின்னால், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார்.

வந்த அன்று மாலையே வயிற்றைத் திறந்தார்கள். தைத்து நிறுத்த முடியாத இடங்களில் எல்லாம் துணிகளை அடைத்து வைத்து, வயிற்றை மூடாமல் மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டிவிட்டு வெளியே கொண்டுவந்தார்கள். பெண் டொக்டர் ஒருவர் வந்து சிங்களத்தில் பேசினார். எனக்குச் சிங்களம் வரும். அக்காவுக்குக் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். அதனால் டொக்டர் சொல்வதும் அக்கா கேட்பதும் என் வழியாகத்தான் போய்வர வேண்டும்.

"உடைந்த எலும்பிலிருந்து மட்டும் ரத்தம் வரவில்லை" என்றார் டொக்டர். "ஊசி குத்திய இடம், பல் முரசு, மூக்கு, எல்லா இடத்திலும் கசிகிறது. ரத்தம் ஏற்றுகிறோம், ஏற்றியதும் வெளியே வருகிறது."

நான் அதுவரை அடக்கிவைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். ஏழாம் காரணியை மருந்தாகச் செய்திருக்கிறார்களே, ஹீமோஃபீலியாக்காரர்களுக்குப் போடுவது, காயம்பட்டவர்களுக்கும் கடைசியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்களே என்று. வரும் வழியெல்லாம் சிக்னல் கிடைத்த இடங்களில் வாசித்திருந்தேன். பாதி புரிந்தது, புரிந்த பாதியை மூச்சுவிடாமல் கொட்டினேன்.

டொக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நங்கி, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார். சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிடுவது அப்படித்தான். டியூஷன் கொடுக்கிறேன் என்றேன். சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

"மருந்து இருக்கிறது. ஹீமோஃபீலியா நோயாளிகளுக்காகக் கொஞ்சம் வைத்திருக்கிறார்கள், கேட்டால் தருவார்கள். ஆனால் இப்போது போட்டால் அது வீண். உங்கள் மச்சானின் உடம்பு குளிர்ந்து கிடக்கிறது. ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறது. காரணிகள் வேலை செய்ய உடம்புச் சூடு வேண்டும். குளிர்ந்த உடம்பில் எந்தக் காரணியைப் போட்டாலும் அது தூங்கும். முதலில் சூடாக்க வேண்டும், பிளாஸ்மாவும் தட்டணுக்களும் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் இந்த மருந்து." பிறகு சாதாரணமாகக் கேட்டார். "அவருடைய உடுப்பெல்லாம் பிழிந்தால் தண்ணீர் வரும்படி இருந்ததாம். மழையில் கிடந்தாரா?"

பீலித் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது. கழுத்தில் தொங்கிய குழாயைச் சரிசெய்துகொண்டார்.

அக்கா என் சட்டைக் கையை இழுத்தாள். "என்னா சொல்றாங்க? பீலின்னு சொன்னியே, என்னாத்துக்கு?"

"ஒடம்பு குளுந்து போச்சாம். சூடாக்கணுமாம். பெறகுதான் நல்ல மருந்து ஒண்ணு போடுவாங்களாம்."

"சூடாக்குனா இன்னும் ஓடாதா?"

டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. "ஓடாதாம்" என்று மட்டும் சொன்னேன். அக்கா தலையாட்டினாள். அவளுடைய சேலைத் தலைப்பு இன்னமும் ஈரமாக இருந்தது.

மறுநாள் காலை எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் ரத்தம் கொடுக்க வந்தார்கள். பெரட்டில், அதாவது காலையில் வேலைக்குப் பேர் எடுக்கும் இடத்தில், கணக்கப்பிள்ளை ஒரு வார்த்தை சொன்னதும் அரைவாசிப் பேர் அன்றைய வேலையை விட்டுவிட்டு ஏறிவிட்டார்களாம். ரத்த வங்கிக்கு வெளியே வரிசை நின்றது. குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரை இந்தக் கீழ் ஊர்ச் சூட்டிலும் யாரும் கழற்றவில்லை.

"டேய், நீ எதுக்குடா வரிசையில நிக்கிற?" என்றார் கணக்கப்பிள்ளை, மச்சானோடு டிராக்டரில் போகும் உதவியாளரைப் பார்த்து. "ஒன் ரத்தத்த ஏத்துனா அவரு எந்திரிச்சு நேரா கள்ளுத் தவறணைக்குல்ல நடப்பாரு."

"நடக்கட்டும்ணே" என்றார் அந்த அண்ணன். "நடந்தாப் போதும். கிளாஸ் நான் புடிக்கிறேன்."

வரிசையில் சிரித்தார்கள். அந்த அண்ணனும் சிரித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்காவும் வரிசையில் நின்றாள். விரலில் குத்தி ஒரு சொட்டை நீலத் தண்ணீரில் விடுவார்கள். அது மூழ்கினால் சரி. அக்காவின் சொட்டு மேலேயே நின்றது. அவளுக்கு முன்னால் நின்ற பெண்களில் பாதிப்பேருக்கும் அப்படித்தான். தாதி சிங்களத்தில், ரத்தத்தில் இரும்புச்சத்துப் போதாது, எடுக்க முடியாது என்றார்.

"இன்னொருக்கா குத்தச் சொல்லு" என்றாள் அக்கா என்னிடம். "அது கொழுந்து ஆயிற வெரலு, தோலு தடிச்சுப்போய்க் கெடக்கு. இதுல குத்தட்டும்." சுண்டுவிரலை நீட்டினாள். எந்த விரலில் குத்தினாலும் அதே ரத்தம்தான் என்று விளக்க வாயெடுத்தேன். வகுப்பில் என்றால் சொல்லியிருப்பேன். தாதியைப் பார்த்தேன். அவர் சுண்டுவிரலைத் துடைத்துக் குத்தினார். அந்தச் சொட்டும் மூழ்கவில்லை.

எனது மூழ்கியது. கட்டிலில் படுத்திருக்கும்போது என் கையிலிருந்து குழாய் வழியாகப் போகும் ரத்தத்தையே பார்த்தேன். பையில் விழுந்த உடனே அதை உறையாமல் வைக்க மருந்து சேர்த்திருக்கிறார்கள். இங்கே உறையாமல் இருக்க மருந்து, உள்ளே உறைவதற்கு மருந்து. இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு நிமிடம் மனம் ஓடியது. அப்படி ஓடியதில் என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

வெளியே வந்தபோது கணக்கப்பிள்ளை அக்காவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். கையில் அவளுக்கென்று வாங்கிவந்த பிளேன்டீ.

"நீ மட்டும் நேத்து யோசிக்காம தண்ணி ஊத்தலைன்னு வையி, அந்த வளைவுலயே முடிஞ்சிருக்கும். நா எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன், அவன அவன் பொஞ்சாதிதான்டா காப்பாத்துனான்னு. இனிமே யாருக்கு அடிபட்டாலும் மொத வேல பீலிக்குத் தூக்கிட்டுப் போறதுதான்."

அவர் நல்லவர். அக்காவைத் தேற்றத்தான் சொன்னார். அக்கா தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தேன்.

அவர் வேனைத் தேடிப் போன பிறகு அவள் கேட்டாள். "நேத்து நீ முழுசாச் சொல்லல."

"சொன்னேனே."

"டொக்டர் நோனா மொகம் மாறுச்சு. ஏன் மாறுச்சு?" டொக்டரம்மாவை அவள் நோனா என்றுதான் சொல்வாள்.

ஒரு பொய் வாய்வரைக்கும் வந்தது. அடுத்த லயத்தில் யாராவது மரத்திலிருந்து விழுந்து, அவரையும் பீலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் காட்சி அந்தப் பொய்யை நிறுத்தியது. அதைவிட, அக்காவுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருந்தது. மீதிப் பாதியை அவள் தனியாக யோசித்து யோசித்து இன்னும் பெரிதாக்குவாள். அதனால் சொன்னேன். குளிர்ந்தால் எண்ணெய் கட்டும், ரத்தம் அப்படி இல்லை. அது கட்ட உடம்புச் சூடு வேண்டும். முழு உடம்பையும் குளிர வைத்தால் கட்டுகிற சக்தியே போய்விடும். தண்ணீர் மட்டும் காரணம் இல்லை, அடி அவ்வளவு பெரிது, ரத்தம் போனாலே உடம்பு குளிரும், மழை, லொறிக் காற்று. மூச்சு வாங்கிக்கொண்டு எல்லாக் காரணங்களையும் அடுக்கினேன். தண்ணீரை அந்த அடுக்கின் நடுவில் எங்கேயாவது ஒளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அக்கா அழவில்லை. பிளேன்டீயைக் குடிக்காமல் பெஞ்சுக்குக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு கொடம் ஊத்துனேன்னு எனக்கே தெரியல" என்றாள். கொஞ்சம் கழித்து, "இப்ப சூடு ஏறுதா? போயி கேளு. இங்க குந்திக்கிட்டு எனக்குச் சமாதானம் சொல்லாத" என்றாள்.

போய்க் கேட்டேன். அன்றைக்கு நான் அந்தக் கதவைத் தட்டிய அளவுக்கு வேறு யாரும் தட்டியிருக்க மாட்டார்கள். ஒரு தாதி, "உனக்கு இங்கேயே வேலை தரட்டுமா?" என்று ஏசினார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் வெப்பமானியின் கணக்கைச் சொன்னார். காற்றால் சூடாக்கும் விரிப்பு ஒன்றை அவர்மேல் போட்டிருந்தார்கள். ஏற்றுகிற ரத்தத்தையும் சேலைனையும் சூடாக்கியே ஏற்றினார்கள். முப்பத்தேழு பாகை இருக்க வேண்டிய உடம்பு. காலையில் முப்பத்துமூன்றைத் தாண்டாமல் இருந்தது மத்தியானம் முப்பத்தைந்துக்கு வந்தது. அதை ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். பரீட்சை முடிவு மாதிரி இருந்தது. "மிச்சம்?" என்று மட்டும் கேட்டாள்.

மிச்சமும் ஏறியது. அமிலம் குறைந்தது. எங்கள் ஆட்கள் கொடுத்ததும் வேறு யார்யாரோ கொடுத்ததுமாகப் பிளாஸ்மாவும் தட்டணுக்களும் ஏறின. அப்படியும் துணிகளில் ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தது. பின்னேரம் டொக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இப்போது போடலாம் என்று நினைக்கிறோம்" என்றார். "ஆனால் உங்கள் அக்காவுக்கு இதை முழுதாகச் சொல்லுங்கள்." அந்த 'முழுதாக' என்பதை என்னைப் பார்த்தே சொன்னார். "இந்த மருந்து ரத்தத்தை நிறுத்தும். நிறுத்தக் கூடாத இடத்திலும் நிறுத்தலாம். காலில், நெஞ்சில், மூளையில் கட்டி அடைக்கலாம். இது இப்படிப்பட்ட காயங்களுக்கென்று செய்த மருந்தும் இல்லை. பிழைக்க வைக்கும் என்று உறுதி தர என்னால் முடியாது. வேறு வழி முடிந்துவிட்டதால்தான் கேட்கிறேன்."

லொறியிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த மருந்து. வாசித்து, தேடி, கெஞ்சி, இதோ கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. அதைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். மூளை என்ற சொல்லுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். பிறகு சொன்னேன். இந்த முறை எதையும் விடவில்லை.

"நீ என்னா சொல்ற?" என்றாள் அக்கா. "நீதானே இந்த மருந்து மருந்துன்னு நின்ன."

"எனக்குப் பயமா இருக்குக்கா."

அவள் டொக்டரைப் பார்த்தாள். "நோனாகிட்ட கேளு. அவங்க வீட்டு ஆளுன்னா குடுப்பாங்களான்னு."

கேட்டேன். டொக்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். "கொடுப்பேன்" என்றார். "பயந்துகொண்டுதான் கொடுப்பேன்."

அக்கா சரி என்றாள்.

சின்னக் குப்பி. உள்ளே வெள்ளைத் தூள், அதில் கரைசலை விட்டு மெதுவாகச் சுழற்றினார்கள். கதவுக் கண்ணாடி வழியாக அவ்வளவுதான் பார்க்க முடிந்தது. எனக்குத் தெரிந்த அம்புக்குறிகளை எல்லாம் மனசுக்குள் வரைந்தேன். ஏழு பத்தைத் தட்டும், பத்து அடுத்ததைத் தட்டும். தட்டு, தட்டு என்று நின்றேன். சாமி கும்பிடத் தெரியாதவள் இல்லை நான். அந்த நேரத்தில் வந்தது அதுதான்.

வாயிலும் மூக்கிலும் கசிவது நின்றது. ஊசி குத்திய இடங்கள் காய்ந்தன. அக்காவை ஒரு நிமிடம் உள்ளே விட்டார்கள். வெளியே வந்து, "கை சுடுது" என்றாள். எவ்வளவோ நேரத்துக்குப் பிறகு அப்போதுதான் அவள் முகத்தில் ஒன்று தெரிந்தது. ஆனால் இடுப்புக்குள் வைத்த குழாயில் இன்னும் சிவப்பாக இறங்குகிறது என்று இப்போது கொஞ்சம் முன்னால் டொக்டர் வந்து சொன்னார். வேகம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

இங்கே இருந்த குப்பி முடிந்துவிட்டது. இன்னொரு ஆஸ்பத்திரியிடம் கேட்டிருக்கிறார்கள். தருவதாகச் சொல்லி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறார்களாம். வந்ததும் இரண்டாவது ஊசி. போட்ட பிறகு நேரே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய், வயிற்றில் அடைத்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்கள். எடுத்த இடம் காய்ந்திருந்தால் மூடுவார்கள். மறுபடி ஊறினால் திரும்ப அடைப்பார்கள். ஆனால் மூன்றாவது ஊசி கிடையாது என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதையும் அக்காவிடம் முழுதாகச் சொல்லிவிட்டேன்.

அவள் இப்போது ஆஸ்பத்திரி கேட்டுக்கு முன்னால் போய் நிற்கிறாள், வருகிற ஒவ்வொரு வாகனத்தையும் பார்த்துக்கொண்டு. தியேட்டரை ஆயத்தப்படுத்தச் சொல்லிவிட்டார்கள். சூடாக்கும் விரிப்பை எடுக்காமல் அதோடேயே அவரைக் கொண்டுபோகப் போகிறார்களாம்.